தாமதமும் வழுக்கலும்

1

ஒரு பொருள் சரியாக இயங்கவில்லை என்று சொல்வதற்கும், அது ஏன் சரியாக இயங்கவில்லை என்று சொல்வதற்கும் இடையில் ஒரு தூரம் இருக்கிறது. முதலாவது, கண்ணும் காதும் உள்ள எவருக்கும் சாத்தியம். இரண்டாவது ஒரு பொறுப்பு. இந்தப் பொறுப்பை ஏற்காமல் அதற்குரிய அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்வது அறிவின் குறை மட்டுமல்ல, ஒழுக்கத்தின் குறையும்கூட என்பது என் கட்சி. இதை ஒரு பழைய காரின் கியர் பெட்டியை வைத்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. இலக்கியப் பத்திரிகையில் கியர் பெட்டிக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் கேள்வி எனக்கு உருவகமாக வரவில்லை. காராகவே வந்தது. அதற்கு ஒரு விலையும் சொல்லப்பட்டது.

ஒன்றரை வயதில் எனக்குப் போலியோ கண்டது. இடது காலுக்குக் கிளட்சை மிதிக்கும் பலம் இல்லை. டி. கல்லுப்பட்டியில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராக இருக்கிறேன், குடியிருப்பது திருமங்கலத்தில். இடையே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் நீட்டும் கையும், எனக்காக எழுந்து நிற்கும் பள்ளிக்கூடத்துப் பையனும் நல்லவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை நல்லவர்களைச் சந்திப்பது களைப்பூட்டும் விஷயம். 2019-ல், ஓய்வுபெற்ற ஒரு டாக்டர் வைத்திருந்த 2005-ஆம் வருஷத்து ஆட்டோமேட்டிக் காரை ஒரு லட்சத்து அறுபதாயிரம் கொடுத்து வாங்கினேன். அதற்குப் பிறகு யாருடைய கையும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

2023 மார்கழியில் ஒரு காலை. லீவரை 'டி'க்குத் தள்ளினேன். கார் நகரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணக்கூடிய அவகாசத்துக்குப் பிறகு அடியில் ஒரு தட்டல், நகர்ந்தது. சாலையில் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகவேண்டிய இடத்தில் எஞ்சின் மட்டும் வீணாக இரைந்தது. பிறகு மனமில்லாமல் மாறியது. சில நாளில் இது வழக்கமாயிற்று. மதுரையில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் தெருமுனைவரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து இறங்காமலே சொன்னார்: "கியர் பாக்ஸ் போச்சு சார். பழைய பெட்டி ஒண்ணு எடுத்து மாத்திரலாம். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும்." அன்று இரவு நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் என் மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டாள். நாலு பவுன். ஒன்றும் பேசவில்லை.

நகைக் கடன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் நான். ஆகவே சங்கிலியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். நகை மதிப்பீட்டாளர் வழக்கம்போல் யாரோ ஒரு அம்மாளின் வளையலை உரைகல்லில் இழுத்துக்கொண்டிருந்தார். கல்லில் ஒரு கோடு. கோட்டின்மேல் ஒரு சொட்டு அமிலம். கோடு நின்றது. வளையலைத் திருப்பிக் கொடுத்தார். வருஷக்கணக்கில் இதைத் தினமும் பார்த்துவந்தும் அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது: இந்த மனிதர் பொன்னை அறிவதற்காகப் பொன்னை உருக்குவதில்லை. உருக்கினால் இன்னும் நிச்சயமாக அறியலாம். ஆனால் அந்த அம்மாளுக்கு வளையல் இருக்காது. அறிகிறவனுக்கு எவ்வளவு நிச்சயம் வேண்டும் என்பதோடு, அறியப்படும் பொருளுக்கு உரியவர் எவ்வளவு இழக்கலாம் என்பதையும் சேர்த்து அவர் கணக்கிடுகிறார். ஒரு கோடு, அவ்வளவுதான் இழப்பு.

சங்கிலி அன்று பையிலேயே இருந்தது.

2

கிளட்ச் பெடல் உள்ள காரில் ஓட்டுகிறவனின் கால் யந்திரத்துக்குள் இருக்கிறது என்று சொல்வார்கள். (நான் கேள்விப்பட்டுத்தான் சொல்கிறேன்.) கிளட்ச் தேய்ந்தால் பாதத்துக்குத் தெரியும். கியர் மாறும்போது பல் உரசினால் உள்ளங்கைக்குத் தெரியும். பழுது அவனுடைய உடம்பின் வழியாகத்தான் செய்தியாகிறது. தானியங்கிப் பெட்டி இந்தப் பாதையை மூடிவிடுகிறது. ஓட்டுகிறவனிடம் மிஞ்சுவது ஒரு விருப்பமும் அதற்கான பலனும் மட்டும். நடுவில் என்ன நடக்கிறது என்பது அவன் பிரக்ஞைக்கு வெளியே. எனவே பழுது வரும்போதும் அவனுக்குத் தெரிவது ஒன்றே: தாமதம்.

நடுவில் நடப்பது முழுக்க எண்ணெய் சம்பந்தப்பட்டது. புறப்படும் நேரத்தில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்போடு இரும்பு கோர்ப்பதில்லை. டார்க் கன்வெர்ட்டர் என்ற மூடிய கலத்துக்குள் எஞ்சின் சுழற்றும் துடுப்புகள் எண்ணெயை வீசுகின்றன. எதிரேயுள்ள துடுப்புகள் அந்த வீச்சில் சுழல்கின்றன. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் கப்பல்களுக்காக யோசித்து 1905-ல் பேட்டண்ட் பெற்ற விஷயம் இது. கார்களில் வேறு ஒரு வடிவத்தில், 1939-ன் கடைசியில், அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைலின் ஹைட்ராமேட்டிக் பெட்டியாக எண்ணெய் வந்து சேர்ந்தது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் ஒரு பம்ப் அதே எண்ணெயை அழுத்துகிறது. வால்வ் பாடி என்ற, எறும்புப் புற்றுப் போன்ற சந்துகள் நிறைந்த ஓர் அலுமினியப் பலகை அந்த அழுத்தத்தைப் பங்கிட்டு அனுப்புகிறது. அழுத்தம் போய்ச் சேரும் இடத்தில் ரப்பர் சீல் வைத்த பிஸ்டன் ஒன்று கிளட்ச் பிளேட்டுகளை நெருக்குகிறது. எந்த பிளேட்டுகள் நெருக்கப்படுகின்றனவோ அதைப் பொறுத்துச் சூரியனும் கோள்களுமாக அமைந்த பற்சக்கரங்களின் விகிதம் மாறுகிறது. நாம் 'கியர் மாறியது' என்கிறோம்.

ஆக, கியர் மந்தமாக மாறுகிறது என்றால், அழுத்தம் எங்கோ தாமதமாக வந்து சேருகிறது, அல்லது வந்தும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எங்கே? எண்ணெய் குறைந்து பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சலாம். அளவுக்கு மீறி ஊற்றியிருந்தால் சுழலும் உறுப்புகள் அதைக் கடைந்து நுரையாக்கலாம். நுரை அழுத்தத்தைத் தாங்காது. வடிகட்டி அடைத்திருக்கலாம். வால்வு ஒட்டிக்கொள்ளலாம். மின்சாரத்தால் வால்வை நகர்த்தும் சொலினாய்ட் சோம்பலாம். ரப்பர் சீல் வயதாகிக் கெட்டிப்பட்டிருக்கலாம். பிளேட்டுகள் தேய்ந்திருக்கலாம். இவ்வளவும் பெட்டிக்குள். பெட்டிக்கு வெளியேயும் காரணங்கள் உண்டு. ஆக்ஸிலேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிள் உள்ள கார்களில், அது சரியான அளவில் இல்லாவிட்டால் கியர் ஏறவேண்டிய வேகத்தில் ஏறாது. எஞ்சினின் சூட்டைச் சொல்லும் சென்ஸார், சூடான எஞ்சினைக் குளிர்ந்தது என்று சொன்னால், கம்ப்யூட்டர் அதை நம்பி மேல் கியரைத் தராமல் வைத்திருக்கும். எஞ்சினே பலவீனமாக இருந்தால் நாம் அதிகம் மிதிப்போம். மிதிப்பதைப் பார்த்துப் பெட்டி கீழ் கியரிலேயே நிற்கும். பெட்டியின் தாமதம் பெட்டியின் குற்றமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

இதற்கெல்லாம் முந்திய ஒரு கேள்வியும் இருக்கிறது: இது எந்த வகை? 2014-ல் மாருதி செலெரியோவோடு இங்கே பரவத் தொடங்கிய தானியங்கி வகை, சாதாரணக் கியர் பெட்டியும் சாதாரணக் கிளட்சும்தான். காலும் கையும் செய்வதை ஒரு கருவி செய்கிறது. அதில் கியருக்குக் கியர் சிறிது தயங்குவது சுபாவம், நோயல்ல. எண்ணெய்ப் பெட்டியில் அதே தயக்கம் நோய். இரண்டையும் நாம் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். ஒன்றின் இயல்பை மற்றதன் குறையாக எழுதுவது நமது விமர்சனத்தில் எவ்வளவு சகஜம் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

3

கல்லுப்பட்டியில் டிராக்டர் வேலை பார்ப்பவர் ஒருவர் நகை மீட்க வந்தார். என் முகம் எப்படி இருந்ததோ, கேட்டார். சொன்னேன்.

"ஆயிலப் பாத்தீகளா சார்?"

"பாக்கலண்ணே."

"அவுக பாத்தாகளா?"

"இல்ல."

"பாக்காமயேவா லட்ச ரூவா சொன்னாக?" சிறிது நேரம் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த வண்டி எனக்குத் தெரியாது சார். பொய் சொல்லக் கூடாது. ஆனா டிராக்டர்ல லிஃப்ட் மெதுவா ஏறுச்சுன்னா நாங்க மொதல்ல பம்பக் கழட்ட மாட்டோம்."

இந்த வாக்கியத்தை நான் பல நாள் யோசித்தேன். டிராக்டரில் கலப்பையைத் தூக்குவது எண்ணெய் அழுத்தம். தூக்குவது மந்தப்பட்டால் முதலில் எண்ணெய் அளவு, பிறகு வடிகட்டி, பிறகு கசிவு, பம்ப் அதற்கப்புறம். அவருக்கு என் கார் தெரியாது. ஆனால் கேள்விகளை எந்த வரிசையில் கேட்கவேண்டும் என்பது தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டு வரிசையைச் சொல்ல ஒருவரால் முடிகிறது. தெரியும் என்று சொல்கிறவரிடம் வரிசை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய கொட்டகையில் வேலை தொடங்கியது. பழுதுபார்ப்புக் கையேட்டை நான் கொண்டுபோயிருந்தேன். பி.ஏ. ஆங்கில இலக்கியம் எனக்கு அதுவரை செய்யாத ஒரு உபகாரத்தை அன்று செய்தது: நான் படித்துத் தமிழில் சொல்ல, அவர் செய்தார். காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினைச் சூடாக்கி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை தள்ளி, 'பி'யில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவவேண்டும். (எல்லாக் கார்களுக்கும் முறை ஒன்றல்ல, சிலவற்றில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள், சிலவற்றில் குச்சியே கிடையாது.) எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. புதிதாக இருக்கையில் அது நல்ல சிவப்பு. இது காப்பிக் கஷாயம்போல் இருந்தது. ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருந்தால் பால் கலந்த ரோஜா நிறம் வரும், அது இல்லை. வெள்ளைத் துணியில் துடைத்து முகர்ந்துபார்த்தார். "கருகல் வாடை இல்ல. பழசு. அவ்வளவுதான்."

பிறகு தாமதத்தை அளந்தோம். ஜப்பானியக் கையேடுகள் பலவற்றில் இதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, 'என்'னிலிருந்து 'டி'க்குத் தள்ளி, அந்தச் சிறு அதிர்ச்சி வரும்வரை நேரம் பார்ப்பது. 1.2 விநாடிக்குள் வரவேண்டும். 'ஆர்' என்றால் 1.5. ஒருமுறை பார்த்தால் போதாது. ஒரு நிமிஷம் இடைவெளி விட்டு மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்கவேண்டும். ஒரு யந்திரத்தை மந்தமானது என்று சொல்ல மூன்று வாசிப்பு. 'டி'யில் மூன்று விநாடிக்கு மேல். 'ஆர்'-இலும் ஏறக்குறைய அவ்வளவே. இங்கேதான் தர்க்கம் என்ற புராதனமான விஷயம் உதவிக்கு வந்தது. முன்னால் போவதற்கும் பின்னால் போவதற்கும் வேலைசெய்யும் கிளட்சுகள் முழுக்க ஒன்றல்ல. 'டி' மட்டும் தாமதித்தால் அதற்குரிய கிளட்சைச் சந்தேகிக்கலாம். இரண்டும் ஒரே அளவில் தாமதித்தால், இரண்டுக்கும் பொதுவானது எதுவோ அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்: எண்ணெய், வடிகட்டி, பம்ப். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-ல் தர்க்கத்தைப் பற்றிய தம் நூலில் காரணம் காணும் முறைகளாக வகுத்தவற்றில் இது அடங்கும். கொட்டகையில் அதற்கு மில் தேவைப்படவில்லை.

எண்ணெய் குறைவு என்று தெரிந்ததும் நான் ஊற்றிவிடலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "கொறஞ்சது எங்க போச்சுன்னு கேக்கணும்ல சார்?" தானாகக் குறையும் எண்ணெய் அல்ல அது, எஞ்சின் ஆயில்போல் எரிந்துபோவதற்கும் வழியில்லை. குனிந்து தேடினார். எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாய் ஒன்றின் பிடியில் ஈரம் கசிந்து அதன்மேல் செம்மண் அப்பியிருந்தது. கேள்வி கேட்காமல் ஊற்றியிருந்தால் நான் ஆறுதல் அடைந்திருப்பேன். சில மாதங்களில் பெட்டி உண்மையாகவே கருகியிருக்கும்.

அடித்தட்டைக் கழற்றினோம். அதிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை. உலோகச் சில்லு இல்லை. அந்தப் பசை வயதின் அடையாளம். சில்லு இருந்தால் அது முறிவின் அடையாளம். இப்போது எண்ணெயை மாற்றவேண்டும். அங்கே ஒரு சிக்கல். மிகவும் பழைய பெட்டியில் புது எண்ணெய் ஊற்றக்கூடாது, ஊற்றினால் பெட்டி போய்விடும் என்று ஒரு நம்பிக்கை பட்டறைகளில் இருக்கிறது. அது முழு மூடநம்பிக்கையல்ல. தேய்ந்த பிளேட்டுகளின் துகள் பழைய எண்ணெயில் மிதந்து, அந்தச் சொரசொரப்பே ஒரு பிடிமானமாக இருக்கக்கூடும். சுத்தமான எண்ணெயில் அந்தப் பிடியும் போய் வழுக்கும். அப்படி வழுக்கினால் புது எண்ணெய் கொன்றுவிட்டது என்போம். உண்மையில் அந்தப் பெட்டி தன் சிதிலத்தையே பிடித்துக்கொண்டு நின்றது. அவரிடம் இதைப் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். "வாடை இல்ல, சில்லு இல்ல. மாத்தலாம்னுதான் எனக்குத் தோணுது. ஆனா ஆகாதுன்னு சொல்ல முடியாது. செய்யணுமா வேணாமான்னு நீங்கதேன் சொல்லணும்."

சந்தேகத்தை அவர் தன்னிடமே வைத்துக்கொண்டு எனக்கு நிச்சயத்தை விற்றிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. மாற்றச் சொன்னேன்.

4

இந்த வரிசைக்கு ஏன் ஒழுக்க மதிப்பு உண்டு? திருக்குறளில் மருந்து அதிகாரம் ஒரு வரிசையைச் சொல்கிறது: நோய் எது, அதன் முதல் எது, தணிக்கும் வழி எது, கடைசியில் செய்கை. எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் நாம் அதை வைத்தியத்தின் திறமை பற்றிய யோசனையாகப் படிக்கிறோம். அதை நியாயம் பற்றிய யோசனையாகவும் படிக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. தவறினால் யார் இழக்கிறார்கள்? கண்டறிகிறவன் இழப்பதில்லை. பெட்டியை மாற்றியும் தாமதம் போகாவிட்டால் இழப்பு என் மனைவியின் கழுத்தில். தவறின் விலையைத் தான் கொடுக்காதவன், அந்த விலையைக் கொடுக்கப் போகிறவருக்கு ஆகக் குறைந்த செலவில் பதில் தரக்கூடிய கேள்வியை முதலில் கேட்கக் கடமைப்பட்டவன். பார்ப்பது, முகர்வது, அளப்பது, கம்ப்யூட்டர் குறித்துவைத்திருக்கும் பிழைக் குறிகளைப் படிப்பது, அழுத்தத்தை மீட்டரில் பார்ப்பது, பிறகே பிரிப்பது. பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தும் ஒரு பரீட்சைகூட இருக்கிறது. ஐந்து விநாடிக்கு மேல் செய்யாதே என்று கையேடு எச்சரிக்கிறது, எண்ணெய் கொதித்துவிடும். பரீட்சையே நோயாகும் இடம் அது. உரைகல்லுக்கும் உலைக்கும் உள்ள வித்தியாசம்.

மதுரைப் பட்டறைக்காரரை நான் கெட்டவராக நினைக்கவில்லை. அவர் நிலையில் பார்க்கவேண்டும். குச்சியை உருவி முகர்ந்து, மூன்று முறை நேரம் பார்த்து, "ஒரு குழாய்தான் சார்" என்று சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? பார்ப்பதற்கு நாம் கூலி கொடுப்பதில்லை. மாற்றுவதற்குத்தான் கொடுக்கிறோம். பெட்டியை முழுசாக மாற்றினால் அவருக்குப் பொறுப்பும் இல்லை. யோசனையில் தவறு நேர வழியே இல்லை. கவனத்துக்குச் சந்தை இல்லாத இடத்தில் தீர்ப்புக்குச் சந்தை ஏற்படுகிறது.

கல்லுப்பட்டியில் வேலைபார்த்துக்கொண்டு இதை யோசிக்கிறவனுக்கு ஜே. சி. குமரப்பா நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. லண்டனில் கணக்காய்வுத் துறையில் தேர்ந்து, பின்னர் காந்தியோடு சேர்ந்த அவர், தம் கடைசி வருஷங்களை இங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து 1960 ஜனவரி 30 அன்று இறந்தார். சிறையில் எழுதிய, நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் நூலில் அவர் இயற்கையிலிருந்து ஐந்து விதமான வாழ்முறைகளை எடுத்துக்காட்டுகிறார்: ஒட்டுண்ணி முறை, பறித்துண்ணும் முறை, முயற்சி முறை, கூட்டு முறை, சேவை முறை. தோப்புக்குத் தான் ஒன்றும் செய்யாமல் பழத்தை மட்டும் பறிக்கும் குரங்கு இரண்டாவது வகை. காரணத்தைத் தேடும் உழைப்பில் பங்குகொள்ளாமல் முடிவை மட்டும் பறித்துக்கொள்கிறவனை நான் இந்த வகையில் சேர்ப்பேன். குமரப்பா என் காரைப் பாராட்டியிருப்பார் என்று நினைக்கவில்லை. ஒரு பொருளை வாங்குகிறவன் அது உண்டான விதத்துக்கும் பொறுப்பாளி என்பது அவர் கட்சி. கியர் பெட்டி எண்ணெய்க்கு இந்தக் கட்சியைப் பொருத்திப் பார்த்தால் ஒரு சங்கடமான செய்தி கிடைக்கிறது: 1970-களின் தொடக்கம்வரை அமெரிக்காவில் அந்த எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். அதிர்ச்சியில்லாமல் கியர் மாறும் அந்த நயத்துக்காக. சட்டம் தடுத்த பிறகுதான் வேறு ரசாயனங்களைத் தேடினார்கள். காலுக்குத் தெரியாமல் மாறும் கியருக்குப் பின்னால், கடலில் ஒரு பிராணி. நயம் என்பது பெரும்பாலும் யாரோ கண்ணுக்குத் தெரியாமல் கொடுத்த விலை.

5

இனி, சொல்லத் தயங்கிய விஷயம்.

2017-ல் இதுபோன்ற ஒரு பத்திரிகையில், நண்பர் ஒருவரின் இரண்டாவது கவிதைத் தொகுதியைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினேன். திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு வந்த ஒரு இரவுப் பஸ்ஸில் அந்தத் தொகுதியைப் படித்தேன். ஒருமுறை. கவிதைகள் மந்தமாக நகர்ந்தன. ஒரு படிமத்திலிருந்து அடுத்ததற்குப் போக வரிகள் தாமதித்தன. முதல் தொகுதியின் வேகம் இல்லை. 'இயக்கம் நின்றுபோன கவிதை' என்று எழுதினேன். நம் வட்டத்தில் நாலைந்து பேர் அந்தச் சொற்றொடரைப் பாராட்டினார்கள். நானும் அதை ரசித்தேன். பெட்டி போச்சு சார்.

தாமதம் இருந்தது வாஸ்தவம். அதை நான் இட்டுக்கட்டவில்லை. ஆனால் தாமதத்தைக் கண்டதையே அதன் காரணத்தைக் கண்டதாக நினைத்துக்கொண்டேன். என் கேள்விகளுக்கு வரிசை இருக்கவில்லை. இது எந்த வகைக் கவிதை, இதில் தாமதம் சுபாவமா நோயா? கேட்கவில்லை. தாமதம் எல்லாக் கவிதைகளிலும் ஒரே அளவா, சிலவற்றில் மட்டுமா? பார்க்கவில்லை. குறைந்திருந்தது யாருடைய எண்ணெய்? ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1929-ல் வெளியிட்ட 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' எனக்குப் பாடமாக இருந்த புத்தகம். எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த அபிப்பிராயங்களை வாங்கி, ரிச்சர்ட்ஸ் பரிசோதித்தது முக்கியமாக வாசகர்களை. கவிதையின் பழுது என்று அவர்கள் எழுதியதில் கணிசமான பகுதி வாசிப்பின் பழுது. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கினேன். பஸ்ஸில் மறந்துவிட்டேன்.

நண்பர் அதற்குப் பிறகு ஒன்றும் வெளியிடவில்லை. என் கட்டுரைதான் காரணம் என்று நினைத்து இரண்டு வருஷம் குற்றவுணர்ச்சியில் இருந்தேன். கொட்டகையில் உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இதிலும் அதே தவறு இருப்பது தெரிந்தது. அவர் எழுதாததற்கு என் கட்டுரை காரணம் என்பதும் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துச் சொன்ன தீர்ப்பே. அதில் என் கட்டுரைக்கு நானே கொடுத்துக்கொள்ளும் முக்கியத்துவம்கூட இருக்கிறது. அவருக்கு வேலை இருந்திருக்கலாம், வீட்டில் நோய் இருந்திருக்கலாம், சொல்ல வேண்டியது தீர்ந்திருக்கலாம், எழுதி வைத்துக்கொண்டு கொடுக்காமலும் இருக்கலாம். நான் விசாரிக்கவில்லை. குற்றவுணர்ச்சி, விசாரிக்கும் சிரமத்திலிருந்து என்னைக் காப்பாற்றியது.

6

இதையெல்லாம் படித்து, விமர்சகன் யாரையும் ஒன்றும் சொல்லக்கூடாது, பொறுமையே அறம் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. அதுவும் பொய். தாமதம் வேறு, வழுக்கல் வேறு. தாமதத்தில் அழுத்தம் பிந்தி வருகிறது, வந்தபின் பிடிக்கிறது. வழுக்கலில் பிளேட்டுகள் நெருங்கியும் பிடிக்காமல் ஒன்றின்மேல் ஒன்று உரசிக் கருகுகின்றன. எஞ்சினின் வேகம் ஏறுகிறது, காரின் வேகம் ஏறுவதில்லை. தாமதத்தோடு சில காலம் ஓட்டலாம். வழுக்கலோடு ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் பெட்டியைத் தின்கிறது. அங்கே 'போகப் போகச் சரியாகும்' என்பது இரக்கமல்ல, அலட்சியம். என் காரில் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகையில் எஞ்சின் இரைந்ததே, அது வழுக்கலின் ஆரம்பம். இன்னும் ஒரு மாதம் நான் பொறுமையாக இருந்திருந்தால் மதுரைக்காரர் சொன்னது உண்மையாகியிருக்கும். கண்டறிதலுக்கு இரண்டு எதிரிகள்: பார்க்காமல் தீர்ப்பு சொல்கிறவன், பார்க்காமல் ஆறுதல் சொல்கிறவன். நமது சிறு வட்டத்தில் முதலாமவன் கட்டுரை எழுதுகிறான். இரண்டாமவன் முன்னுரை எழுதுகிறான்.

குழாயை மாற்றினோம். வடிகட்டியை மாற்றினோம். ஒரு தடவை வடித்தால் எண்ணெயில் பாதிகூட வெளியே வராது, மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். ஆகவே சில நாள் ஓட்டுவது, மறுபடி வடிப்பது என்று மூன்று தடவை. எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். பார்த்ததற்கு எவ்வளவு என்று கேட்டபோது அவருக்குக் கேள்வியே புரியவில்லை. வற்புறுத்திக் கொடுத்தேன். சங்கிலி மறுபடி கழுத்துக்குப் போயிற்று.

இதை வெற்றிக் கதையாக முடிக்க முடியாது. மூன்றாவது கியர் இப்போது இரையாமல் விழுகிறது. சூடான பெட்டியில் தாமதம் ஒரு விநாடி. ஆனால் விடியற்காலையில், பெட்டி குளிர்ந்திருக்கும்போது, இன்னும் இரண்டு விநாடி ஆகிறது. சூடேறினால் குறைகிற தாமதம் பெரும்பாலும் சீல்களைக் குறிக்கும். இருபது வருஷத்து ரப்பர், குளிரில் விறைத்து, அழுத்தத்தைப் பக்கவாட்டில் கசியவிடுகிறது. சூட்டில் நெகிழ்ந்து பிடிக்கிறது. அதைச் சரிசெய்யப் பெட்டியைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். ஒரு நாள் பிரிக்க வேண்டிவரும். அன்று சங்கிலி கவுண்டருக்கு வரலாம். ஆனால் எதற்காக வருகிறது என்று அன்று எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த இரண்டு விநாடியில் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. கார் நகரவில்லையே என்று ஆக்ஸிலேட்டரை மிதிப்பது. மிதித்தால், அழுத்தம் வந்து சேரும்போது எஞ்சின் தறிகெட்டுச் சுழன்றுகொண்டிருக்கும். முழு வேகமும் பிளேட்டுகளின்மேல் ஒரே அடியாக விழும். பழுதில்லாத இடத்தில் பழுதை உண்டாக்குவது அந்த அவசரந்தான். ஆகவே காலையில் லீவரைத் தள்ளிவிட்டு, வலது காலை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தட்டல் வருகிறது. பிறகு மிதிக்கிறேன்.

நண்பரின் தொகுதியை மறுபடி எடுத்திருக்கிறேன். இரண்டாவது வாசிப்பு முடிந்தது. தாமதம் அப்படியேதான் இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று இன்னும் பிடிபடவில்லை. மூன்றாவது பாக்கி. அதற்கு முன்னால் அவருக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும், கவிதையைப் பற்றி அல்ல.